அமெரிக்காவைவிட இந்தியாவின் ஓசோன் வரம்பு கடுமையானது... ஆனா அதை மீறினா என்ன ஆகும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் எவ்வளவு வரை இருக்கலாம்? ஒவ்வொரு நாடும் இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறது. 8 மணி நேர சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கக்கூடிய ஓசோனின் அளவு இது:

• உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை: 100 மைக்ரோகிராம்
• இந்தியா: 100 மைக்ரோகிராம்
• ஐரோப்பிய ஒன்றியம்: 120 மைக்ரோகிராம்
• அமெரிக்கா: சுமார் 137 மைக்ரோகிராம்
• சீனா (நகரப் பகுதிகள்): 160 மைக்ரோகிராம்

பேப்பரில் பார்த்தால் இந்த நான்கில் இந்தியாதான் கறார். உலக சுகாதார அமைப்பு சொல்லும் அதே எண்ணை அப்படியே வைத்திருக்கிறது.

ஆனால் இன்னொரு கணக்கு வேறு கதை சொல்கிறது. 2024-ல் வெளியான 'உலகக் காற்றின் நிலை' அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 2021-ல் ஓசோன் காரணமாக உலகம் முழுவதும் சுமார் 4.9 லட்சம் பேர் உயிரிழந்தனர். அதில் கிட்டத்தட்ட பாதி, அதாவது சுமார் 2.37 லட்சம் மரணங்கள் இந்தியாவில்.

மக்கள்தொகை அதிகம், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர்கள் அதிகம் என்பதும் இதற்குக் காரணம். ஆனாலும் கேள்வி நிற்கிறது. கடுமையான வரம்பு இருந்தும் அது ஏன் காப்பாற்றவில்லை? இந்த எண்ணை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? அதை மீறினால் என்ன நடக்கிறது?

ஓசோன் நல்லதுதானே? அப்புறம் என்ன பிரச்னை?

ஓசோன் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த ஓசோன் படலம் நினைவுக்கு வரும். அது தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அது நமக்குத் தேவை.

அதே வாயு மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் விஷம். இதைத்தான் தரைமட்ட ஓசோன் என்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எந்த வண்டியின் சைலன்சரிலிருந்தும், எந்த ஆலையின் புகைபோக்கியிலிருந்தும் இந்த ஓசோன் நேரடியாக வருவதில்லை. அது காற்றிலேயே 'சமைக்கப்படுகிறது'. வாகனங்கள், அனல் மின் நிலையங்கள், ஆலைகள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு ஒரு பொருள். பெட்ரோல் ஆவி, பெயின்ட், கரைப்பான்கள், குப்பை எரிப்பது போன்றவற்றிலிருந்து வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் இன்னொரு பொருள். வெயில்தான் அடுப்பு.

அதனால்தான் வெயில் ஏற ஏற ஓசோனும் ஏறும். மதியமும் பிற்பகலும்தான் பெரும்பாலும் உச்சம். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், புகை எதுவும் தெரியாது. ஆனாலும் காற்று கெட்டிருக்கலாம்.

அன்னாசிப்பழ விஞ்ஞானி கண்டுபிடித்த வில்லன்

1943 ஜூலை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைத் திடீரென ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிச்சல், தொண்டை கரகரப்பு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால், ஜப்பான் ரசாயனத் தாக்குதல் நடத்திவிட்டதோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலை மீது பழி விழுந்தது. அதை மூடிய பிறகும் புகைமூட்டம் போகவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் கால்டெக் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மித். நெதர்லாந்தில் பிறந்த இவர், அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் மணத்தைப் பிரித்தறியும் அதே முறையில் நகரத்தின் காற்றையும் பிரித்துப் பார்த்தார். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உருவாவதை 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார்.

அவருக்குக் கிடைத்த ஒரு சாட்சி, ரப்பர். ஓசோன் பட்டால் ரப்பர் வெடித்துவிடும். வளைத்து வைத்த ரப்பர் துண்டில் எவ்வளவு சீக்கிரம் விரிசல் விழுகிறது என்பதை வைத்தே காற்றில் ஓசோன் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். எண்ணெய் நிறுவனங்கள் இந்த முடிவை ஏற்க மறுத்து எதிர்வாதம் செய்தன. ஆனால் அறிவியல் அவர் பக்கம் நின்றது.

ரப்பரையே வெடிக்க வைக்கும் வாயு, நுரையீரலை என்ன செய்யும்? எண்ணை நிர்ணயிக்கும் வேலை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

மூடிய அறைக்குள் 6.6 மணி நேரம்

ஓசோன் வரம்புக்கு அமெரிக்கா பயன்படுத்தும் முக்கிய ஆதாரங்களில் ஒன்று, மனிதர்களை வைத்து நேரடியாக நடத்தப்படும் சோதனை. ஆரோக்கியமான, வயதுவந்த தன்னார்வலர்கள் ஒரு மூடிய அறைக்குள் செல்வார்கள். உள்ளே வரும் காற்றில் ஓசோன் குறிப்பிட்ட அளவில் கலக்கப்பட்டிருக்கும். 50 நிமிடம் உடற்பயிற்சி, 10 நிமிடம் ஓய்வு, நடுவில் சாப்பாட்டு இடைவேளை என மொத்தம் 6.6 மணி நேரம். வெளியில் வேலை பார்க்கும் ஒருவரின் ஒரு நாளை அறைக்குள் கொண்டுவரும் முயற்சி இது. முன்னும் பின்னும் அவர்கள் எவ்வளவு வேகமாக மூச்சை வெளியே ஊத முடிகிறது என்று அளப்பார்கள்.

இங்கே 'பிபிபி' என்ற அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 100 கோடி பங்கு காற்றில் ஒரு பங்கு ஓசோன் இருந்தால் அது 1 பிபிபி. மைக்ரோகிராம் கணக்கில் சுமார் 2.

சோதனைகளில் தெரிந்தது இதுதான். 80 பிபிபி-யில் மூச்சுத் திறன் குறைந்தது, இருமல், நெஞ்சு வலி போன்ற தொந்தரவுகள் வந்தன. 72 பிபிபி-யிலும் மூச்சுத் திறன் குறைவு, தொந்தரவுகள் இரண்டும் தெரிந்தன. 60 பிபிபி-யில்கூட மூச்சுத் திறனில் சின்ன சரிவும், நுரையீரலில் அழற்சியின் அறிகுறியும் இருந்தன.

சரி, அப்போ பாதுகாப்பான அளவு எது? இங்கேதான் சிக்கல். இதற்குக் கீழே இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று அறிவியல் ஒரு கோட்டைக் கிழித்துக் காட்டவில்லை. அளவு குறையக் குறைய பாதிப்பும் குறைகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சோதனை அறைக்குள் போனவர்கள் எல்லாம் ஆரோக்கியமான பெரியவர்கள். வெளியே இருப்பவர்களோ ஆஸ்துமா உள்ள குழந்தை, மூச்சிரைப்பு உள்ள முதியவர், பிற்பகல் வெயிலில் சித்தாள் வேலை பார்ப்பவர், உணவு டெலிவரி செய்பவர். யாருக்காக வரம்பு வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே அந்த எண்ணை முடிவு செய்ய ஆய்வகம் மட்டும் போதாது, அரசும் நீதிமன்றமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஓர் எண்ணுக்காக 40 வருட சண்டை

அமெரிக்காவின் 1970 தூய காற்றுச் சட்டம், மக்களின் உடல்நலத்தைப் 'போதுமான பாதுகாப்பு இடைவெளியுடன்' காக்கும் வகையில் வரம்பு வைக்கச் சொல்கிறது. 5 வருடத்துக்கு ஒரு முறை அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதன் பிறகு நடந்தது இதோ:

1971: முதல் வரம்பு. ஓசோன் உள்ளிட்ட ஒளிவேதி மாசுக்கு, 1 மணி நேர சராசரி 80 பிபிபி.

1979: வரம்பு 120 பிபிபி ஆகத் தளர்த்தப்பட்டது. அதே 1 மணி நேரக் கணக்கு.

1997: கணக்கே மாறியது. குறைந்த அளவு ஓசோனைக்கூட நீண்ட நேரம் சுவாசித்தால் பாதிப்பு என்று தெரிந்ததால், 8 மணி நேர சராசரி வந்தது. வரம்பு 0.08 பிபிஎம், அதாவது 80 பிபிபி. ஆனால் இரண்டு தசம இடம் மட்டுமே எழுதியதால், முழுமையாக்கும் கணக்கில் 84 பிபிபி வரை 'பாஸ்' ஆனது.

2001: லாரி உரிமையாளர்கள் அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு அளித்தது. உடல்நலத்துக்கான வரம்பை நிர்ணயிக்கும்போது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதியவர், பழமைவாத நீதிபதியாக அறியப்பட்ட ஆன்டனின் ஸ்காலியா.

2008: அறிவியல் ஆலோசனைக் குழு 60 முதல் 70 பிபிபி-க்குள் வைக்கச் சொன்னது. ஜார்ஜ் புஷ் அரசு 75 வைத்தது.

2011: ஒபாமா அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை 60-70-க்குள் கொண்டுவரத் தயாரானது. பொருளாதாரம் தடுமாறிய நேரம். செப்டம்பர் 2-ஆம் தேதி ஒபாமாவே அந்த முயற்சியைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்.

2015: வரம்பு 70 பிபிபி ஆனது. 72-ல் பாதிப்பு தெரிந்ததால், அதற்குக் கீழே ஓர் எண். 60 வேண்டும் என்று கேட்ட நுரையீரல் நல அமைப்புகளுக்கு ஏமாற்றம். இதுவே அதிகம் என்று தொழில் அமைப்புகளும் எதிர்த்தன.

2020: டிரம்ப் அரசு 70-ஐ அப்படியே தொடர்ந்தது. 2023-ல் பைடன் அரசு புதிதாக மறுபரிசீலனையைத் தொடங்கியது.

செலவைப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னாலும், செலவுக் கணக்கு போடப்படாமல் இல்லை. 2015 வரம்பால் 2025-ல் கலிஃபோர்னியா தவிர்த்த மாகாணங்களுக்கு ஆண்டுக்கு 140 கோடி டாலர் செலவாகும், கிடைக்கும் நன்மை 290 கோடி முதல் 590 கோடி டாலர் வரை இருக்கும் என்று அந்த முகமையே மதிப்பிட்டது.

அமெரிக்காவில் மீறினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஒரு நாள் 70-ஐத் தாண்டினால் உடனே 'மீறல்' ஆகாது. ஒரு வருடத்தின் நான்காவது உச்ச நாளை எடுத்து, அதற்கு மூன்று வருட சராசரி பார்ப்பார்கள். அதுவும் 70-ஐத் தாண்டினால், அந்தப் பகுதி 'வரம்பை எட்டாத பகுதி' என்று அறிவிக்கப்படும்.

அதன் பிறகு சட்டம் பிடித்துக்கொள்ளும். பாதிப்பின் தீவிரத்தைப் பொறுத்து ஐந்து வகை. லேசானதற்கு 3 ஆண்டு கெடு, மிகத் தீவிரமானதற்கு 20 ஆண்டு. எப்படிக் குறைப்பீர்கள் என்று மாகாணம் எழுத்துபூர்வமான திட்டம் தர வேண்டும். அங்கே பெரிய ஆலை ஒன்று புதிதாக வர வேண்டுமென்றால், அது வெளியிடப்போகும் மாசைவிட அதிகமான மாசை வேறு எங்காவது குறைத்துக் காட்ட வேண்டும். திட்டமே தராத மாகாணத்துக்கு நெடுஞ்சாலை நிதியை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஓசோன் கதை தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் பகுதி இன்னமும் 'மிகத் தீவிர' பட்டியலில்தான் இருக்கிறது. ஆனாலும் 1980-லிருந்து அமெரிக்காவில் ஓசோன் அளவு தேசிய சராசரியில் சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. மக்கள்தொகையும் வாகனங்களும் பெருகிய காலத்தில் நடந்த சரிவு இது.

இந்தியாவில்?

இந்தியாவில் 1981 காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்புகளை நிர்ணயிக்கிறது. 2009 நவம்பரில் வெளியான தேசிய காற்றுத்தர வரம்புகளில் 12 மாசுகள் இருக்கின்றன. அதில் ஓசோனுக்கு 8 மணி நேர சராசரி 100 மைக்ரோகிராம், 1 மணி நேர சராசரி 180 மைக்ரோகிராம்.

அதே அறிவிப்பில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, வருடத்தில் 98 சதவீத நேரம் வரம்புக்குள் இருந்தால் போதும். மீதி 2 சதவீதம் மீறலாம், ஆனால் அடுத்தடுத்த இரண்டு நாள் மீறக் கூடாது. நாள் கணக்கில் சொன்னால் வருடத்துக்குச் சுமார் 7 நாள் சலுகை.

இரண்டாவதுதான் முக்கியம். அடுத்தடுத்து இரண்டு நாள் மீறினால் என்ன ஆகும்? அங்கே தொடர் கண்காணிப்பு வைக்கவும், மேலும் விசாரிக்கவும் அது போதுமான காரணம் என்கிறது அறிவிப்பு. அதைத் தாண்டி, எத்தனை ஆண்டுக்குள் குறைக்க வேண்டும், யார் திட்டம் தர வேண்டும், தராவிட்டால் என்ன என்று அந்த அறிவிப்பு எதுவும் சொல்லவில்லை.

சரி, தேசிய தூய காற்றுத் திட்டம் இருக்கிறதே? 2019 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டின் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உட்பட நாடு முழுவதும் சுமார் 130 நகரங்கள் இருக்கின்றன. ஆனால் அதன் இலக்கு பிஎம் 10 எனப்படும் தூசுத் துகள்களை 2025-26க்குள் 40 சதவீதம் வரை குறைப்பது. ஓசோனுக்கென்று தனி இலக்கு கிடையாது.

சாலையோரம் தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கும். ஓசோன் அடங்காது.

குறைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2020 ஊரடங்கில் வண்டிகள் ஓடவில்லை, நைட்ரஜன் ஆக்சைடு சரசரவென்று குறைந்தது. ஆனால் உலகின் பல நகரங்களில் ஓசோன் ஏறியது. எப்படி?

வண்டிப் புகையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைச் சாப்பிட்டுவிடும். அதனால் நெரிசலான சிக்னலில் ஓசோன் குறைவாகக்கூட இருக்கும். புகை குறைந்தால் அதைச் சாப்பிட ஆள் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு, கரிமச் சேர்மங்கள் இரண்டையும் சேர்த்து, அந்தந்த ஊருக்கு ஏற்ற விகிதத்தில் குறைத்தால்தான் பலன்.

இதே காரணத்தால் நகரத்தின் மாசு காற்றோடு பயணித்து, வெளியே இருக்கும் புறநகரிலும் கிராமத்திலும் ஓசோனாக மாறுகிறது. அங்கே பெரும்பாலும் அளக்கும் கருவியே இருக்காது. பயிர் மட்டும் அதை அனுபவிக்கும். இலைக்குள் புகும் ஓசோன் ஒளிச்சேர்க்கையைக் கெடுத்து விளைச்சலைக் குறைக்கிறது. 2005-ல் மட்டும் இந்தியாவில் ஓசோனால் சுமார் 35 லட்சம் டன் கோதுமையும் 21 லட்சம் டன் அரிசியும் இழப்பு ஏற்பட்டதாக, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பங்கேற்ற 2014 ஆய்வு மதிப்பிட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்கள் ஊர் நிலையத்தைப் பாருங்கள். நகரத்தின் மொத்த எண்ணோடு நிறுத்தாமல், ஓசோன் அளவைத் தனியாகப் பாருங்கள்.
• ஓசோன் அதிகமுள்ள நாட்களில் ஓட்டப்பயிற்சி, விளையாட்டை அதிகாலைக்கு மாற்றுங்கள். பிற்பகலில் தவிர்ப்பது நல்லது.
• சாதாரண மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் துகள்களைத் தடுக்கும், ஓசோன் வாயுவைத் தடுக்காது. வீட்டுக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு.
• ஓசோனை வெளியிட்டுக் காற்றைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லும் கருவிகளை வாங்காதீர்கள்.
• ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் காலத்திலும் இன்ஹேலரைக் கையோடு வைத்திருங்கள்.

அடுத்து என்ன?

உலக சுகாதார அமைப்பு 2021-ல் புதிதாக ஒன்றைச் சேர்த்தது. ஓசோன் அதிகமுள்ள 6 மாதங்களின் சராசரி 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அது. ஒரு நாள் உச்சம் மட்டுமல்ல, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசிப்பதும் ஆபத்து என்பதால் இந்த எண். இந்தியாவின் 2009 பட்டியலில் இப்படிப் பருவகால வரம்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் 120-ஐ மாற்றவில்லை. ஆனால் ஆண்டுக்கு 25 நாள் வரை மீறலாம் என்றிருந்ததை, 2030-க்குள் 18 நாளாகக் குறைக்கிறது. எண் அதேதான், சலுகை சுருங்குகிறது.

ஆகவே இந்தியாவின் வரம்புகள் மாறும்போது செய்தியில் முதலில் வருவது புதிய எண்ணாகத்தான் இருக்கும். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று: எத்தனை நாள் மீறலாம், எங்கெல்லாம் அளக்கப் போகிறார்கள், மீறினால் எந்தத் தேதிக்குள் யார் சரிசெய்ய வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில், 2009-ல் வெளியான அறிவிப்பில் இல்லை.